கால் கரப்பானுக்குக் களிம்பு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் கரப்பான் எனப்படும் எக்ஸிமா குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குழந்தைகளுக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளில் வரும் கரப்பானையும், சோப்புத்தூளும் சிமெண்டும் பட்டுப்பட்டுக் கைகளில் வரும் கரப்பானையும் கட்டுரையாளர் தெளிவாகவே விளக்கியிருந்தார். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசுவதால் வரும் கேட்டைச் சொன்னதற்கு அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஆனால், நம் ஊரில் நின்றுகொண்டே பிழைப்பு நடத்துகிறவர்களின் கணுக்காலைச் சுற்றி வருகிற கரப்பானைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. களிம்பு, மாத்திரை, ஊசி ஆகியவற்றைத் தாண்டி, அழுத்தத்தாலும் ஒளியாலும் ஈரத்தாலும் செய்யப்படுகிற சிகிச்சைகள் இருக்கின்றன என்பதே அந்தக் கட்டுரையை மட்டும் படிப்பவருக்குத் தெரியவராது. கால் வீக்கத்துடனும் ஆறாத புண்ணுடனும் வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவதையே வேலையாகக் கொண்ட இயன்முறை மருத்துவர் என்ற முறையில், விடுபட்டதைச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தக் கரப்பானைக் கண்டுகொள்வது கடினமில்லை. மாலையானால் கால் வீங்கும், காலையில் வடிந்துவிடும். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே இருக்கும். சில ஆண்டுகளில் உட்புறக் கணுவுக்குச் சற்று மேலே தோல் பழுப்பேறி, வறண்டு, செதில் உதிர்ந்து, அரிக்கத் தொடங்கும். சொறிந்தால் நீர் கசியும். அதையும் கவனிக்காமல் விட்டால் அந்த இடம் மரக்கட்டைபோல் இறுகி, ஒரு நாள் கட்டில் கால் இடித்த சிறு காயம் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாக நின்றுவிடும். பரோட்டா மாஸ்டர், முடி திருத்துபவர், இஸ்திரி போடுபவர், போக்குவரத்துக் காவலர், ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று வருகிறவர்களின் தொழிலைக் கேட்டாலே பாதி நோய் புரிந்துவிடும்.

காரணம் தோலில் இல்லை, தோலுக்கு அடியில் ஓடும் சிரைகளில், அதாவது நாம் பேச்சுவழக்கில் நரம்பு என்று சொல்கிற, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில் இருக்கிறது. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில், இதயத்திலிருந்து கால்வரை உள்ள இரத்தத்தின் எடை முழுவதும் இறங்குவதால், அழுத்தம் சுமார் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். தள்ளிய இரத்தம் திரும்பிவிடாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கும். அதனால் அதே இடத்தில் அழுத்தம் 30 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். வால்வுகள் பழுதானவருக்கு நடந்தாலும் இறங்காது. நாள்தோறும் மணிக்கணக்கில் தேங்கும் இந்த அழுத்தத்தில் நுண்குழாய்களிலிருந்து நீரும் இரத்தச் சிவப்பணுக்களும் தோலின் திசுவுக்குள் கசிகின்றன. சிவப்பணுக்களில் உள்ள இரும்புதான் அந்தப் பழுப்பு நிறம். கசிந்ததை அகற்ற உடல் நடத்தும் ஓயாத அழற்சியே அரிப்பும் கரப்பானும்.

இப்போது இந்தக் காலுக்கு வழக்கமாக என்ன நடக்கிறது? முதலில் படை என்று நினைத்து, ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாடிக்கும் ஒரே குழாயில் கலந்த களிம்பை வாங்கிப் பூசுகிறார்கள். அரிப்பு ஒரு வாரம் அடங்கும், பிறகு திரும்பும். இப்படிப்பட்ட கால்கள் களிம்புகளுக்கே ஒவ்வாமை கொள்வதில் பேர்போனவை. நியோமைசின், ஃபிராமைசெட்டின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், களிம்புகளில் சேர்க்கும் லானோலின், நறுமணப் பொருள்கள் எல்லாமே புதிய கரப்பானைக் கிளப்பிவிடக் கூடியவை. பூசப் பூச ஏன் கூடுகிறது என்று நோயாளி குழம்புவது இதனால்தான். இன்னொரு புறம், இரண்டு கால்களும் சிவந்து வீங்கியிருப்பதைக் கிருமித் தொற்று என்று எண்ணி ஆன்டிபயாடிக் ஊசி போடுவதும் நடக்கிறது. கிருமித் தொற்று பெரும்பாலும் ஒரே காலில்தான் வரும். இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் அதே அளவில் வந்தால் சிரையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கசியும் குழாயை அடைக்காமல் நனைந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற கதையாகவே இது ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. நோயாளியைத் தோல் பிரிவில் பார்த்தால் அறுவைப் பிரிவுக்கும், அறுவைப் பிரிவில் பார்த்தால் தோல் பிரிவுக்கும் அனுப்புவதால், இந்த நோயைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் பிரிவு எதுவும் இல்லாமல் போகிறது.

இதற்கு முதன்மையான சிகிச்சை வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தம். பாதத்திலிருந்து முழங்கால்வரை, கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்குமாறு காலைச் சுற்றி இறுக்கினால், விரிந்த சிரை சுருங்கும், வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று நெருங்கும், கசிவு குறையும், வீக்கம் வடியும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தோல் மருத்துவராக இருந்த பால் கெர்சன் உன்னா, துத்தநாக ஆக்சைடு பசையில் தோய்த்த கட்டுத்துணியைக் காலில் சுற்றும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே புகழ்பெறச் செய்துவிட்டார். இன்றும் அது 'உன்னா பூட்' என்றே அழைக்கப்படுகிறது. அதன் அடிப்படைத் தத்துவம் இன்றுவரை மாறவில்லை. இதன் பயனுக்குச் சான்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். நாள்பட்ட கால் வீக்கமும் திரும்பத் திரும்ப வரும் தோல் தொற்றும் உள்ள 84 பேரிடம் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நடத்தப்பட்டு 2020இல் வெளிவந்த ஆய்வு அது. அழுத்தச் சிகிச்சை பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்கும், அது பெறாதவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் தொற்று மீண்டும் வந்தது. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

பழுதான வால்வு அழுத்தக் கட்டால் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. புண் வந்தவர்களுக்கு லேசர் போன்ற முறைகளால் பழுதான சிரையைச் சீக்கிரமே அடைத்துவிடுவது நல்லது என்பதை இங்கிலாந்தில் 450 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. சிரையை உடனே அடைத்தவர்களுக்கு நடுமதிப்பாக 56 நாளிலும், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாளிலும் புண் ஆறியது. ஆனால், அந்த இரு பிரிவினருக்குமே காலில் அழுத்தக் கட்டும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

அழுத்தக் கட்டுக்கு எலாஸ்டிக் பேண்டேஜ் என்று எழுதிக் கொடுத்தால் போதாது. எப்படிச் சுற்றுவது என்று யாரும் காட்டுவதில்லை. கணுக்காலில் தொடங்கி மேலே சுற்றிக்கொண்டு வருகிறவர்களே அதிகம். பாதம் வெளியே நின்று, அடுத்த நாளே மாவுருண்டை மாதிரி வீங்கிவிடும். கால்விரல்களின் அடியில் தொடங்க வேண்டும். பாதத்தைச் சுற்றி, குதிகாலை விடாமல் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மறைக்குமாறு, முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே முடிக்க வேண்டும். அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் மேல் முனையை மட்டும் இறுக்கிக் கட்டினால், கீழே உள்ள இரத்தம் ஏறவே வழியில்லாமல் நோய் கூடும். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே, வீக்கம் இல்லாத நேரத்தில் சுற்ற வேண்டும். விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலித்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

வீக்கம் வடிந்த பிறகு அழுத்தக் காலுறை, அதாவது ஸ்டாக்கிங், போதும். கணுக்காலில் எவ்வளவு அழுத்தம் தரும் என்பதை வைத்து அதற்கு வகுப்புகள் உண்டு. கரப்பான் வந்த காலுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் அளவுள்ளதை எழுதித் தருவார்கள். இரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகுதான் இதுவும். கணுக்காலையும் கெண்டைக்காலையும் காலை வேளையில் டேப் வைத்து அளந்து வாங்க வேண்டுமே தவிர, செருப்பு வாங்குவதுபோல் சின்னது பெரியது என்று எடுத்துவரக் கூடாது. அணிவதில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். மெல்லிய பாலித்தீன் பை ஒன்றைப் பாதத்தில் மாட்டிக்கொண்டால், விரல் திறந்த வகைக் காலுறை அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும்; பிறகு விரல் பக்கமாகப் பையை உருவிவிடலாம். பெண்களுக்கு இன்னொரு சிக்கல், மெட்டியும் கொலுசும். கொலுசைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மெட்டியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்களிடம் வாதாடுவதில் பயனில்லை. விரல் திறந்த காலுறையை வாங்கி, மெட்டிமேல் ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு ஏற்றினால் இழை கிழியாது. தோலுக்கு எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுவதை இரவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் காலுறையின் இழுவை கெடும். எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் ஆறு மாதத்தில் அது தளர்ந்துவிடும். சித்திரை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு நிற்பது எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அளவு குறைந்த அழுத்தத்தையாவது தினமும் போடுவது, அதிக அழுத்தத்தை வாங்கிப் பீரோவில் வைப்பதைவிட மேல்.

இதில் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதயத்திலிருந்து தமனிகள் வழியாகக் காலுக்கு வரும் இரத்தம் குறைந்தவருக்கு இறுக்கிக் கட்டினால் கால் அழுகிவிடும் ஆபத்து உண்டு. எனவே முதலில் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்க்க வேண்டும். அந்த விகிதம் 0.8க்குக் கீழே இருந்தால் முழு அழுத்தம் கொடுக்கக் கூடாது, 0.5க்குக் கீழே என்றால் கட்டே கூடாது, இரத்தக் குழாய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் கல்போல் இறுகியிருப்பதால் இந்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும். அவர்களுக்கு, இரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பார்க்கும் டாப்ளர் பரிசோதனை செய்யாமல் கட்டுப் போடுவது கூடாது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கிற தமிழ்நாட்டில், பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொண்ட காலுறையைக் கடன் வாங்கிப் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

மருந்தில்லாச் சிகிச்சை என்று பெயர் இருந்தாலே நல்லது என்று நம்புகிறவர்கள் வரிசையில் என்னைச் சேர்க்க வேண்டாம். குழந்தைகளின் கரப்பானுக்கு நல்லது என்று விற்கப்பட்ட பல உத்திகளை இங்கிலாந்தில் முறையாகச் சோதித்து, பயனில்லை என்று கண்டுபிடித்தார்கள். கடின நீரை மென்னீராக்கும் கருவி 336 குழந்தைகளிடமும், பட்டு உள்ளாடை 300 குழந்தைகளிடமும், குளிக்கும் நீரில் கலக்கும் எண்ணெய் 482 குழந்தைகளிடமும் சோதிக்கப்பட்டன. வழக்கமான சிகிச்சையோடு இவற்றைச் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் நன்மை இல்லை. மாறாக, குளித்த ஈரம் காயும் முன்பே தோலில் ஈரப்பதக் களிம்பைப் பூசுவது எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை. களிம்பு எந்த வகையாக இருந்தாலும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்று 550 குழந்தைகளிடம் நடந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது, விலை உயர்ந்த டியூப்பைத் தேடி அலையும் பெற்றோருக்கு நிம்மதி தரும் செய்தி. நம் தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு நற்சான்று இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கனிம எண்ணெயைவிட வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்தது.

ஒளிச் சிகிச்சைக்கு இவற்றைவிட உறுதியான இடம் உண்டு. டென்மார்க்கில் பணியாற்றிய நீல்ஸ் ஃபின்சன், தோலில் வரும் காசநோயை ஒளிக்கதிரால் குணப்படுத்தியதற்காக 1903இல் நோபல் பரிசு பெற்றார். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் 'லைட்டில் வைத்தார்களா' என்று பாட்டிமார்களே விசாரிக்கும் நம் ஊரில், சோரியாசிஸுக்கும் உடல் முழுக்கப் பரவிய கரப்பானுக்கும் வேறொரு வகை லைட் இருக்கிறது என்பது ஏனோ பரவவில்லை. 311 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிரை மட்டும் தரும் குழல் விளக்குகளுக்கு முன்னால், கண்ணாடி அணிந்து, சில நொடிகளில் தொடங்கிச் சில நிமிடங்கள் வரை, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நிற்க வேண்டும். தினக்கூலிக்காரர் வாரத்துக்கு மூன்று நாள் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற முடியாது என்பதே இதன் தடை. சோரியாசிஸ் உள்ள 783 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே ஒளி எடுத்துக்கொண்டவர்களுக்கு மருத்துவமனைக்கு வந்தவர்களைவிடப் பலன் குறையவில்லை. வட்ட மருத்துவமனைகளில் ஒரு விளக்குப் பெட்டியாவது வைக்கலாம் என்பதற்கு இதைவிட ஆதரவு தேவையில்லை. இதை விரித்தால் தனிக் கடிதமாகிவிடும், கால்களுக்குத் திரும்புகிறேன்.

அழுத்தக் கட்டுக்கு அடுத்தபடியான சிகிச்சை உட்காருவதும் நடப்பதும். அரை மணிக்கு ஒரு முறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும், வாய்ப்புக் கிடைக்கும்போது காலை நீட்டி மேலே வைப்பதும், கட்டிலின் கால்மாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் கொடுத்துப் படுப்பதும் செலவில்லாத உத்திகள். ஆனால் ஒரு ஜவுளிக்கடைப் பெண்ணிடம் இவற்றைச் சொல்லும்போது, அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சங்கடமாகிவிடும். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார் என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

நின்று வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை வர எழுபது ஆண்டுகள் ஆயின. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதன் விளைவாக 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலை நேரம் முழுவதும் நிற்காமல், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏதுவாக எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவர் எழுதித் தரும் சீட்டைப் போலவே இந்தப் பிரிவும் கால் நோய்க்கான ஒரு சிகிச்சைதான் என்பேன். ஆனால் இருக்கை இருப்பதும் அதில் உட்கார விடுவதும் வேறு வேறு. கவுண்டருக்குப் பின்னால் போட்ட ஸ்டூலில் சேலைப் பெட்டிகள் உட்கார்ந்திருப்பதைத்தான் பல கடைகளில் பார்க்கிறோம்.

அரசு புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே போகிறது. அந்தப் பணியாளர்கள் நோயாளியின் கணுக்காலையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். பழுப்பேறிய தோல் இருந்தால் டாப்ளருக்கு அனுப்பலாம். கட்டுச் சுற்றும் முறையை வீட்டிலுள்ள ஒருவருக்குக் கற்றுத் தரலாம். யானைக்கால் நோயாளிகளுக்குப் பேசின், மக், சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பராமரிப்புப் பெட்டியைப் பொதுச் சுகாதாரத் துறை ஏற்கெனவே கொடுத்து, காலைக் கழுவித் துடைக்கும் முறையையும் சொல்லித் தருகிறது. அதே ஏற்பாட்டில், தமனி நன்றாக இருப்பதாக உறுதிசெய்யப்பட்ட சிரை நோயாளிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி அழுத்தக் காலுறை தரலாம். தரமான ஒரு ஜோடியின் விலையைக் கேட்டுவிட்டு, மறுபடியும் களிம்பையே வாங்கிக்கொண்டு போகிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

தொழிலாளர் துறைக்கும் ஒரு வேண்டுகோள். இருக்கை குறித்த ஆய்வுக்குக் கூட்டமில்லாத முற்பகலில் போக வேண்டாம். ஆடித் தள்ளுபடிக் காலத்திலோ, தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலோ, மாலை 7 மணிக்குப் போய், ஸ்டூல் எங்கே இருக்கிறது, அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். தங்கள் நலவாழ்வுப் பக்கத்திலும் கட்டுச் சுற்றும் முறையைப் படங்களுடன் ஒரு முறை வெளியிட்டால், வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளப் பலர் இருக்கிறார்கள். அதோடு, டாப்ளர் பார்க்காமல் கட்டக் கூடாது என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
மதுரை.